பேர் விழாத நாட்கள்

உயர்தர மாணவர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி ஒன்றில், "1977இல் நம் நிலத்தைக் காத்த தலைவர் யார்?" என்று கேட்டேன். தொழிற்சங்கத் தலைவர்களின் பெயர்களே பதிலாக வந்தன. ஒரு மாணவி மட்டும், "அன்னைக்கு வேலைக்குப் போகாதவங்க யாரு ஃபாதர்?" என்று திருப்பிக் கேட்டாள். என் கேள்வியைவிட அது நல்ல கேள்வி.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின், நுவரெலியாவில் ஏறத்தாழ 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கத் திட்டமிட்டார்கள். தொழிலாளர் எதிர்த்து நின்றனர். 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். மலையகத்தில் வேலைநிறுத்தம் பரவியது, திட்டம் கைவிடப்பட்டது.

வேலைநிறுத்தம் என்று எழுதுவது எளிது. மலைக்குப் போகாவிட்டால் செக்ரோலில் பேர் விழாது. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. தலைவர் முழங்கலாம், ஆனால் வீட்டில் மா தீர்ந்த பிறகும் கூடையை எடுக்காமல் இருந்தவள் கொழுந்து பறிக்கும் பெண். பக்கத்து வீட்டுக்காரியும் எடுக்கமாட்டாள் என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடக்குமா?

அந்த நாட்களைக் கண்ட முதியோர் உங்கள் லயத்திலும் இருக்கக்கூடும். அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டு வாருங்கள்: எத்தனை பேர் இழந்தார்கள்? அடுப்பு எப்படி எரிந்தது? யார் யாருக்குக் கொடுத்தார்கள்?