மணல் தந்த மைதானம்

மாணவர்களே! கடற்கரை மணலில் ஒரு வாளி நீரை ஊற்றுங்கள், நொடிப்பொழுதில் மறைந்துவிடும். அதே நீரைக் களிமண் நிலத்தில் ஊற்றினால் வெகுநேரம் தேங்கி நிற்கும். இந்த எளிய வேறுபாடுதான் உலகப் புகழ்பெற்ற ஒரு விளையாட்டு மைதானத்துக்கு அடிப்படை என்றால் நம்புவீர்களா?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ளது செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். சிறு பந்தை மட்டையால் அடித்து, குறைந்த அடிகளில் குழியில் விழச் செய்யும் கோல்ஃப் ஆட்டத்துக்கு இங்கே 7 பொதுத் திடல்கள் உள்ளன. இவற்றில் 6 திடல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஏழாவது, 2008-இல் கடலோரக் குன்றின் மேல் திறக்கப்பட்டது. பழைய திடலில் 18 குழிகள். சிறுவர்களுக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் ஏற்ற பால்கோவ் திடலில் 9 குழிகள். ‘புதிய திடல்’ என்று ஒன்று உண்டு. அது திறக்கப்பட்ட ஆண்டு 1895!

கடலை ஒட்டிய இந்த நிலம் காற்று குவித்த மணலால் ஆனது. மணல் துகளின் குறுக்களவு சுமார் 0.06 முதல் 2 மில்லிமீட்டர் வரை. களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய துகள்களுக்கு இடையே பெரிய இடைவெளிகள் இருப்பதால் மழைநீர் விரைவில் கீழே இறங்கிவிடுகிறது. நீரோடு உரச்சத்தும் போய்விடுவதால் பயிர்த்தொழிலுக்கு இந்நிலம் ஏற்றதன்று. ஆனால் ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் வகைகள் இங்கே நன்கு வளர்கின்றன. முற்காலத்தில் ஆடுகளும் முயல்களும் மேய்ந்து அப்புல்லைக் குட்டையாக வைத்திருந்தன. உழவுக்கு உதவாத நிலம், பந்து உருள ஏற்ற தரையாயிற்று!

இங்கு ஊர்மக்களுக்குள்ள ஆடும் உரிமையை 1552-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று அது மக்கள் உலாவும் பூங்கா.

ஆனால் காற்று கொண்டுவந்த மணலைக் கடல் கொண்டுபோகவும் கூடும் அல்லவா? 2010-இல் புயல் அலைகள் இங்குள்ள மணல்மேடுகளை அரித்தன. பின்னர் மணலைக் கொட்டி மேடுகளைச் சீரமைத்து, மராம் என்னும் புல்லை நட்டனர். மணல் மூட மூட இப்புல் மேல்நோக்கி வளரும். வேர்களும் மட்டத்தண்டுகளும் மணலைப் பிணைத்து நிறுத்தும். கோடிப் பொருளுக்குக் காவல் ஒரு புல்!

செய்து பாருங்கள்: இரு புனல்களின் அடியில் துணியை வையுங்கள். ஒன்றில் உலர்ந்த மணலையும், மற்றொன்றில் அதே அளவு பொடித்த களிமண்ணையும் நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, கீழே வடியும் நீரை 10 நிமிடங்களுக்குப் பின் அளந்து எழுதுங்கள். எந்த மண் அதிக நீரைப் பிடித்துக்கொண்டது? உங்கள் பள்ளி மைதானத்தில் மழைநீர் தேங்குவதற்கும் தேங்காமைக்கும் காரணம் இப்போது விளங்குகிறதா?