சாம்சோவில் கேட்க வேண்டியவை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. காற்றாலை ஆய்வுக்கு டென்மார்க் விசா கிடைத்த சேதியை உன் அம்மா சொன்னாள். ரோஸ்கில்ட் பக்கம் ரீசோ வளாகம் என்றால் நல்ல இடம்தான். 1978-லிருந்து காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கிற இடம். இறக்கை, கியர்பாக்ஸ் பற்றியெல்லாம் அங்குள்ளவர்களே உனக்குச் சொல்லிவிடுவார்கள். வளாகத்துக்கு வெளியே யாரிடம் என்ன கேட்கப்போகிறாய் என்பதுதான் என் கவலை.

சாம்சோ தீவுக்குக் கட்டாயம் போ. நாலாயிரம் பேர்கூட இல்லாத, உருளைக்கிழங்குக்குப் பேர்போன தீவு. 1997-ல் அரசு வைத்த போட்டியில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் தன் காலில் நிற்கும் தீவாக ஆவதற்குத் தேர்வானது. நிலத்தில் நிற்கும் 11 காற்றாலைகளில் ஒன்பது அங்குள்ள விவசாயிகளுடையவை. மற்ற இரண்டும் ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கியவை. 2003-ல் கடலில் ஓடத் தொடங்கிய பத்தில் ஐந்து நகராட்சியுடையவை. இதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கும். கடனுக்கு வங்கியில் எதை ஈடு வைத்தார்கள், பங்கு வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார், ரிப்பேர் வந்தால் பணம் யார் கையிலிருந்து போகிறது என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தால்தான் தெரியும். டேனிஷில் நாலு வார்த்தை படித்துக்கொண்டு போ. காற்றாலை வேண்டாம் என்றவர்களையும் தேடிப் பிடி. வெற்றிக் கதை சொல்ல அங்கே ஆள் நிறைய உண்டு.

நம்ம முப்பந்தலைப் பார்த்தவள் நீ. ஆனி, ஆடியில் காத்தாடி சுற்றுகிற சுற்றுக்குக் காது அடைக்கும். ஆனால் மின்சாரம் பெரும்பாலும் எங்கோ இருக்கிற நூற்பாலைக் கணக்கில் போய்ச் சேருகிறது. வரியில் தேய்மானச் சலுகை கிடைக்கிறதே என்று காத்தாடி நட்டவர்களும் உண்டு. நிலம் கொடுத்தவருக்கு அன்றைக்குக் கைக்கு வந்த ரூபாயோடு சரி. அதனால்தான் சொந்தக்காரர் யார் என்பதில் இத்தனை பிடிவாதம் எனக்கு.

டென்மார்க்கையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. புதுக் காற்றாலை வந்தால் 20 சதவீதப் பங்கையாவது சுற்று வட்டாரத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று 2009-லிருந்து அங்கே சட்டம் இருந்தது. பிறகு அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர், விவசாயி, அதிகாரி மூவரிடமும் தனித்தனியாகக் காரணம் கேள். பதில் ஒத்துப்போகாத இடத்தில்தான் உன் ஆய்வுக்கு வேலை இருக்கும்.

அங்கே காற்று குளிர்காலத்தில்தான் பலமாக வீசும். ஜனவரியில் தீவுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள். காதை மூடுகிற குல்லா வாங்க மறக்காதே.

இப்படிக்கு,
மாமா