வெளியில் போடும் மேசை கதிரை: ஒரு தச்சுப் பாடம்



நம்ம தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிறார்கள். சிலர் தச்சுப் பட்டறையில் போய்ச் சேருகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை தாண்டினால் மொறட்டுவை, தளபாடத்துக்குப் பேர் போன ஊர். பட்டறையில் புதுப் பையனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுகிற வேலையும் தேய்க்கிற வேலையும்தான். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று பாஸ் உட்கார வைத்துச் சொல்ல அவருக்கும் நேரமில்லை. அதனால் இம்முறை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறோம்: இஸ்தோப்பிலோ முற்றத்திலோ போடும் மர மேசையும் கதிரையும்.

உள்ளே போடும் கதிரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மழைதான். அதிலும் இடத்துக்கு இடம் தொல்லை வேறு. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு ஊதிப் பெருத்து மரத்தைப் பிளக்கும். கொட்டாஞ்சேனையில் வீடுகள் சுவரோடு சுவராக இருப்பதால் பின்முற்றத்துக்கு வெயில் கொஞ்ச நேரம்தான் வரும். அங்கே ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தை உக்கச் செய்வது இந்தப் பூஞ்சணமே. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. ஆகவே தண்ணி எங்கும் தங்காமல் ஓடிப்போகும்படி செய்வதுதான் இந்த வேலையின் முழுச் சூட்சுமமும்.

முதலில் மரம். தேக்கு முதல் தரம், அதன் இயற்கை எண்ணெயே அதற்குக் காவல். அடுத்தது நன்றாக முற்றிய பலா. ரப்பர் மரம் வேண்டாம். அதற்கு ஏற்றும் போரன் மருந்து மழையில் கரைந்து போய்விடும். தோட்டத்தில் நாம் சவுக்கு என்று சொல்லும் கிரவிலியா பார்க்க அழகான கோடுகள் உள்ள மரம். வீட்டுக்குள் போடும் சாமானுக்கு நல்லது, மழையில் நிற்காது. அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

கொழுந்தை வாட்டாமல் ரோலருக்குப் போடுவோமா? மரமும் அப்படித்தான். பலகைகளை நிலத்தில் படாமல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ரீப்பைத் துண்டு வைத்து, கூரைக்குக் கீழே காற்றில் விடுங்கள். சின்னத் துண்டு ஒன்றை வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் செய்தால், காயும்போது பொருத்து எல்லாம் ஆட்டம் காணும்.

அடுத்தது பொருத்து. வெளியில் போடும் கதிரையை ஆணி அடித்துச் செய்யக்கூடாது. ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, மற்ற மரத்தில் அதே அளவுக்குத் துளை எடுத்து இறுக்க வேண்டும். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, நீளம் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். கதிரை எங்கே உடைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆசனத்தின் பக்கச் சட்டம் பின்காலோடு சேரும் இடத்தில். நம்ம ஆட்கள் முன்காலைத் தூக்கி, பின்காலில் சாய்ந்து ஆடுவார்கள். முழுப் பாரமும் அந்த ஒரு பொருத்துக்கே போகும். ஆகவே அங்கே பெரிய கழுந்தாக எடுத்து, குறுக்கே மர முளை அடித்துவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை மழைக்குத் தாங்காது, எபொக்ஸி பாவியுங்கள்.

மேசையின் மேல்பக்கத்தை ஒரே பரப்பாக ஒட்டாதீர்கள். மரம் ஈரத்தில் அகலப் பக்கமாக ஊதும், நீளப் பக்கம் அவ்வளவாக மாறாது. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனமுள்ள பலகைகளைக் கால் அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். தண்ணியும் வடியும், மரம் ஊதவும் இடம் இருக்கும். கதிரை ஆசனமும் அப்படியே. திருகாணியைக் கீழேயிருந்து ஏற்றினால் மேலே ஓட்டை தெரியாது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். பித்தளை மெதுவானது, இறுக்கும்போது தலை முறியும். ஆகவே முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி, கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள்.

மேசை உயரம் 30 அங்குலம், ஆசனம் 17 முதல் 18. நாலு பேருக்கு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். பூ வேலை, செதுக்கு வேலை எல்லாம் வெளியில் தண்ணி தங்கும் குழிகள்தான். அழகு வேண்டுமென்றால் மேசைக் காலை மேலே இரண்டரை அங்குலத்தில் தொடங்கி, சட்டத்துக்குக் கீழே உள்பக்கம் இரண்டையும் சீவிக்கொண்டு போய், அடியில் ஒன்றே முக்காலுக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஒரு சீவலே மேசையின் தோற்றத்தை மாற்றிவிடும். கூரான ஓரங்களை மழுக்குங்கள். காலின் அடி நுனி தண்ணியைத் திரி போல உறிஞ்சும். அங்கே எபொக்ஸி தடவி, நைலோன் குமிழ் அடியுங்கள்.

பளபளவென்று வார்னிஷ் கேட்கும் வாடிக்கையாளர் உண்டு. வெயிலில் அது வெடித்து, வெடிப்புக்குள் தண்ணி புகுந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டிவரும். எங்கள் பேச்சைக் கேட்டால் எண்ணெய் பூசுங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்காலத்துக்கு முந்தி. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். நெருப்பு வைக்காமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்தால் பக்கத்துக் காம்பராவும் போகும். துணியை வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணியில் போடுங்கள். மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பில் எரிக்க வேண்டாம். மரத்தூளும் லேசான விஷயமில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1995இல் அதைப் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. மூக்கையும் வாயையும் மூடாமல் தேய்க்காதீர்கள், பாஸ் சிரித்தாலும் பரவாயில்லை.

தோட்டத்து மரம் நமது கையால் வளர்ந்தாலும் நமக்குச் சொந்தமில்லை. நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். பலாவை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதி தேவை. பலகையை லொறியில் ஏற்றுமுன் போக்குவரத்து அனுமதி வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அது மரத்துக்கு மரம் மாறும். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏற்கெனவே பட்டறையில் வருஷக்கணக்கில் வேலை செய்தும் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நைட்டா என்று சொல்லப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தெரிந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லி மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறையை வைத்திருக்கிறது. போகும்போது அடையாள அட்டையோடு, நீங்கள் செய்த சாமான்களின் படங்களையும், பட்டறையில் வேலை செய்ததற்கான கடிதம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கடிதத்தைப் பட்டறையை விட்டு விலகுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.