நர்ஸம்மா பயந்தால் தாய்க்கு ஆபத்து



இந்த மாதப் பாடம் பிரசவம் பார்க்கிறவர்களைப் பற்றியது. "அவங்க பயிற்சிக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். முன்பு ஊர் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்த்தார். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். நம் மகள், மருமகள் உயிர் அங்குள்ள நர்ஸ்கள் கையில் இருக்கிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். இரவு நேரம், பிரசவம் முடிந்துவிட்டது. ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போவதுபோல் புது நர்ஸுக்குத் தோன்றுகிறது. மூத்த சிஸ்டரைக் கேட்கலாம். ஆனால் போன தடவை கேட்டபோது, "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவர். அதனால் இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்.

கர்ப்பப்பை சுருங்கி இறுகினால்தான் ரத்தம் நிற்கும். அரை லிட்டர் போனாலே ஆபத்தின் அறிகுறி. அந்தப் பத்து நிமிஷம் ஒரு தாயின் உயிர். இங்கே குறை படிப்பில் இல்லை. கேட்கப் பயந்ததில் இருக்கிறது.

இதனால்தான் பிரசவம் பார்ப்பவர்களின் பயிற்சியில் பரிவும் ஒரு பாடமாகிறது. 2017-ல் தெலங்கானா அரசு, ஐதராபாத் பெர்னாண்டஸ் மருத்துவமனையுடன் சேர்ந்து நர்ஸ்களுக்கு மகப்பேறு சிறப்புப் பயிற்சி தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசும் 18 மாதப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தாயை மரியாதையாக நடத்துவது அதில் முக்கியம். இங்கிலாந்தில் 2017 முதல், சக மருத்துவச்சிகளின் மனப்பாரத்தைக் கேட்கவே சில மருத்துவச்சிகளுக்குத் தனிப் பயிற்சி தருகிறார்கள்.

பரிவான தலைமைக்கு நான்கு படிகள் என்கிறார் அந்நாட்டுப் பேராசிரியர் மைக்கேல் வெஸ்ட்:

1. கவனித்துக் கேட்பது. "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று நின்று கேட்க வேண்டும்.
2. புரிந்துகொள்வது. தூக்கமில்லையா, வேலை தெரியவில்லையா, வீட்டில் பிரச்சினையா?
3. அவர் கஷ்டத்தை நம் மனதில் உணர்வது.
4. உதவுவது. "வா, சேர்ந்து பார்க்கலாம்" என்று கூட நிற்பது.

பரிவு என்றால் தப்பை மூடி மறைப்பது அல்ல. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறந்தால், எங்கே தாமதம் ஆனது என்று ஆய்வு செய்கிறார்கள். பயந்தவர் உண்மையைச் சொல்லமாட்டார். உண்மை வராவிட்டால் அடுத்த தாயைக் காப்பாற்ற முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

* தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் பிரசவத் துணைத் திட்டம் உள்ளது. விவரமான ஒரு பெண் துணைக்குப் போகட்டும்.
* மரியாதைக் குறைவாக நடத்தினால் சும்மா இருக்க வேண்டாம். தேதி, நேரம், நடந்தது எல்லாம் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். நன்றாகப் பார்த்தால் அதையும் சொல்லுங்கள்.
* ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப் பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. இத்தனை பேரையும் பார்க்கும் நம் ஊர் கிராம சுகாதார நர்ஸைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, அவர் சிரமத்தையும் கேளுங்கள்.

இந்த நான்கு படிகள் நமக்கும்தான். இரண்டு தவணை கட்டாத உறுப்பினரைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். கடனும் வராது. ஊக்குநரோ பிரதிநிதியோ முதல் நாளே வீட்டுக்குப் போய், "என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்டால், வழி இரண்டு பேருக்கும் தெரியும். தவணையைக் கட்டத்தான் வேண்டும். எப்படிக் கட்டுவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் கேள்வி கேட்கத் தயங்குகிறவர் யார்? ஏன்?
2. இந்த மாதம் நம் ஊரில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் யார்? அவருக்குத் துணை யார்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதிவையுங்கள்.