காடு நிறைய ஆட்கள், எல்க் எங்கே?

கேள்வி: சென்ற செப்டம்பரில் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் வனாந்தரப் பகுதிக்கு வில் வேட்டைக்குப் போனேன். நடைபாதை தொடங்குமிடத்தில் வண்டி நிறுத்தவே இடமில்லை. விடியுமுன் நான்கு மைல் நடந்து ஏரிக்கரைக்குப் போனால் அங்கே கூடாரங்களும் குதிரைகளும். ஆண் எல்க் மான் கூவுகிறதே என்று பதுங்கிப் பதுங்கி நெருங்கினால், ஊதுகுழலோடு ஒரு மனிதர் நிற்கிறார். இந்த முறை நண்பரும் நானும் எட்டு மைலாவது உள்ளே போய்விடலாம் என்று இருக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், அரோரா, கொலராடோ

பதில்: வேண்டாம். ஏரிக்கரையில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு கூடாரமும், ‘இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஆள் இருக்காது’ என்று நினைத்தவர் அடித்த கூடாரம்தான். பொது நிலத்தில் எல்க் வேட்டை பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை அது. அதனாலேயே பாதை போய் முடிகிற இடங்களில் எல்லாம் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாலையை ஒட்டிய முதல் ஒரு மைலில் பெருங்கூட்டம் இருக்கும். ஐந்தாறு மைல் தாண்டி, குதிரைகளுக்குப் புல்லும் தண்ணீரும் கிடைக்கிற ஏரிக்கரைகளில் இன்னொரு கூட்டம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பாதையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் யாரும் ஏறிப் பார்க்காத சரிவுகள் ஆளில்லாமல் கிடக்கும். எல்க் படுத்திருந்த சரிவை நீங்கள் அன்று இருட்டில் கடந்தே போயிருக்கக்கூடும்.

ஒரெகன் மாநிலத்தின் வடகிழக்கில் ஸ்டார்க்கி என்றோர் ஆய்வுக் காடு இருக்கிறது. 1980-களின் இறுதியில் அதைச் சுற்றி உயரமான வேலி போட்டு, உள்ளே இருக்கும் எல்க்குகளுக்குக் கழுத்துப் பட்டை கட்டி, அவை எங்கே போகின்றன என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வண்டி ஓடும் சாலையை விட்டு எல்க் விலகுகிறது. மோட்டார் வண்டியோ மலைச் சைக்கிளோ குதிரையோ கால்நடையாக வருபவரோ, யார் வந்தாலும் விலகுகிறது. எவ்வளவு தூரம் என்பதில்தான் வித்தியாசம். மனிதர் கண்ணில் படாத அளவுக்கு மறைவு கிடைத்தால் அதற்குப் போதும். மேற்கு மொன்டானாவுக்காக 1991-இல் வனவியலாளர்கள் ஒரு வரையறை எழுதினார்கள்: வேட்டைக் காலத்தில் எல்க் ஒதுங்கி இருக்க, வண்டி ஓடும் சாலையிலிருந்து அரை மைலாவது தள்ளி, குறைந்தது 250 ஏக்கர் தொடர்ச்சியான மரச்செறிவு வேண்டும் என்று. அரை மைல் என்பதைக் கவனியுங்கள். எல்க் தேடுவது தொலைவை இல்லை, மனிதர் நுழையச் சலித்துக்கொள்ளும் இடத்தை.

அதனால் வரைபடத்தை விரித்ததும் எல்க்கைத் தேட வேண்டாம். முதலில் ஆட்களைக் குறியுங்கள். வண்டி நிறுத்துமிடங்கள், நடைபாதைகள், ஏரிகள், ஓடையோரக் கூடாரத் திட்டுகள், குதிரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் வழக்கமாக முகாமிடும் புல்வெளிகள், இலை மஞ்சளாகும்போது ஆஸ்பென் மரம் பார்க்க ஜனம் வரும் இடங்கள் – எல்லாவற்றையும் ஒரு நிறத்தில் தீட்டிவிடுங்கள். மிஞ்சுகிற திட்டுகளில் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் வடக்குச் சரிவுகளைப் பாருங்கள். அங்கே வெயில் குறைவு, ஸ்ப்ரூஸும் ஃபரும் அடர்ந்திருக்கும். சரிவின் நடுவே கொஞ்சம் சமமான படி போன்ற இடம், பக்கத்தில் ஒரு ஊற்று, நடந்து போகிற தொலைவில் புல் – இந்த மூன்றும் இருந்தால் அங்கே எச்சமும் குளம்படியும் இருக்கிறதா என்று கோடையிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் ஃபிளாட் டாப்ஸுக்கே ஒரு விசேஷம் உண்டு. அந்த மேட்டுநிலத்தில் 1940-களில் ஸ்ப்ரூஸ் வண்டு பரவி எக்கச்சக்கமான மரங்களைக் கொன்றது. இன்றும் பல சரிவுகளில் பட்டமரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. வனாந்தரப் பகுதியில் மோட்டார் ரம்பம் கூடாது என்பதால் பாதைகளைக் கைரம்பத்தால் அறுத்துத்தான் திறக்க வேண்டும். பாதைக்கு வெளியே யாரும் எதையும் அறுக்கப்போவதில்லை. குதிரையால் அதற்குள் நுழைய முடியாது. மனிதர் கால் மணி நேரம் முயன்றுவிட்டுத் திரும்பிவிடுவார். எல்க்கோ, நம் கடமானைவிடப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தாண்டிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இடம் தெரிந்தபின் காற்று. இதைச் சொல்வதில் எனக்குச் சலிப்பே வராது, ஏனென்றால் மலையில் வேட்டை கெடுவது பெரும்பாலும் இதனால்தான். அந்தி சாய்ந்ததும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வடியும். காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடேறியதும் அதே காற்று திரும்பி மேலே ஏறும். ஓடையோரம் கூடாரமடித்த அத்தனை பேரின் வாடையும், அவர்கள் காய்ச்சிய காப்பியும் பொரித்த பன்றிக்கறியும், காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் சரிவேறி எல்க்கின் மூக்குக்கு வந்துவிடும். மேலே படுத்திருக்கும் விலங்கு, கீழே யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே அசைபோடுகிறது. நீங்களும் ஓடைப்பக்கமிருந்து ஏறினால் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டீர்கள். வெயில் ஏறும் முன்பே வேறு முகடு வழியாக மேலே போய், காற்று நிதானமாக மேல்நோக்கித் திரும்பும் வரை அசையாமல் இருந்து, பிறகு பக்கவாட்டில் மெல்ல இறங்கி வாருங்கள். திரும்பும் வேளையில் காற்று எந்தத் திசையையும் நம்பவிடாது. அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருங்கள்.

ஊதுகுழலைப் பையிலேயே வையுங்கள். செப்டம்பர் பிற்பாதியில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும்போது ஆண் எல்க் கூவுவது உண்மை. ஆனால் முதல் வாரத்திலிருந்தே நான்கு பக்கமும் குழல் ஊதுகிற காட்டில் எல்க் வாயை மூடிக்கொள்கிறது, அல்லது இருட்டில் மட்டும் கூவுகிறது. எனவே இரவில் கூடாரத்துக்கு வெளியே நின்று காது கொடுங்கள். எந்தச் சரிவிலிருந்து சத்தம் வந்தது என்று தெரிந்தால் போதும். விடிந்தபின் அது எங்கே படுக்கப் போகும் என்பதை வரைபடமே சொல்லிவிடும்.

நாள் தேர்வும் முக்கியம். முதல் சனி ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் அந்தக் கூட்டத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்: முதல் நாள் விடியலில் கீழிருந்து ஆட்கள் ஏறும்போது எல்க் எந்தக் கணவாய் வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாண்டும் என்று பார்த்து, அங்கே இருட்டிலேயே போய் உட்கார்ந்திருப்பது. பிறகு ஞாயிறு மாலை வண்டிகள் கிளம்பிவிடும். செவ்வாய், புதன் ஆகும்போது காடு ஓரளவு அமைதியாகும்.

இனி உங்கள் எட்டு மைல் கணக்கு. பெரிய ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய கறியே கிட்டத்தட்ட 100 கிலோ வரும். கொம்போடு சேர்த்து ஐந்து சுமை. வனாந்தரப் பகுதியில் மோட்டார் மட்டுமல்ல, சக்கரம் வைத்த கைவண்டியும் கூடாது. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. குதிரை இல்லையென்றால் உங்கள் முதுகுதான். இருவர் என்றால், கூடாரச் சாமானும் சேர்த்து, ஆளுக்கு மூன்று நடை: மூன்று முறை வெளியே, இரண்டு முறை திரும்ப உள்ளே. எட்டு மைலில் அது ஒருவருக்கு 40 மைல், அதுவும் 10,000 அடி உயரத்தில். ஒன்றரை மைலில் விழுந்தால் ஏழரை மைல். ஒரே நாளில் முடிந்துவிடும். செப்டம்பர் மதியம் நல்ல வெயில் அடிக்கும். தோலை உடனே உரித்து, தொடையையும் முன்சப்பையையும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடாவிட்டால் தொடை எலும்பை ஒட்டிய கறி முதலில் கெடும். கறியை வீணாக்குவது கொலராடோவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், கெடாமல் வெளியே கொண்டுவர முடியாத இடத்தில் அம்பை விடுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் எங்களுக்கு முன்பே ஒருவர் இருந்தால் என்ன முறை? அவருக்கும் எங்களுக்கும் உரிமை சமம்தானே?

பதில்: உரிமை சமம்தான். ஆனால் முன்னால் வந்தவருக்கு வழிவிடுவது அந்த மலைகளில் எழுதாத முறை. சிறிய வண்டி நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே வண்டி நின்றால், அடுத்த இடத்துக்குப் போங்கள். அதற்காகத்தான் மூன்று நான்கு இடங்களை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்வது. வழியில் ஆளைக் கண்டால் ஒளியாதீர்கள். நின்று, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டு, உங்கள் திசையையும் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மரியாதையாகவே பதில் சொல்வார்கள், சிலர் எல்க் பார்த்த இடத்தைக்கூடச் சொல்வார்கள். ஒருவர் ஒரு ஆண் எல்க்கைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் அதற்குள் நுழையக் கூடாது.

நடைபயணம் வருபவர்களிடமும் இதே பொறுமை வேண்டும். நாயோடு, குழந்தையோடு வருவார்கள். அவர்களுக்கும் அது விடுமுறைதான். பாதை வேட்டைக்காரருக்கென்று போட்டதில்லை. பாதையை ஒட்டி வேட்டையாடாதீர்கள், சிந்திய குடலைப் பாதை ஓரத்தில் விடாதீர்கள். கறிச்சுமையோடு நடக்கும்போது, வில் வேட்டைக் காலமாகவே இருந்தாலும், ஆரஞ்சுத் துணி ஒன்றைப் பைமேல் கட்டிக்கொள்ளுங்கள். ரைஃபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இடுப்புக்கு மேலும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

கேள்வி: இவ்வளவு கூட்டம் என்றால் அரசே உரிமங்களைக் குறைத்துவிடலாமே?

பதில்: குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மேற்குக் கொலராடோவில் வில் வேட்டைக்கான எல்க் உரிமத்தை வெளிமாநிலத்தவர் கடையில் நேராக வாங்கும் வசதி 2025 முதல் நின்றுவிட்டது. குலுக்கலில்தான் பெற வேண்டும். உள்ளூர்வாசிகளுக்கு என்ன விதி என்பதை ஒவ்வோர் ஆண்டும் வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலும் குறைப்பது அவ்வளவு எளிதில்லை. அங்கே வனவிலங்குத் துறை நடப்பதே பெரும்பாலும் உரிமக் கட்டணத்தில்தான், வெளிமாநிலத்தவர் கட்டுவதோ உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். எல்லாமே குலுக்கல் என்றாகிவிட்டால் சாதாரணக் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் முதல் உரிமத்துக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆனாலும் கொஞ்சம் காத்திருந்து நிம்மதியாக வேட்டையாடுவதே மேல் என்பது என் கட்சி. நெரிசலில் விரட்டப்பட்ட எல்க் தனியார் பண்ணைகளில் போய்த் தங்கிவிடுகிறது. அப்புறம் பொது நிலத்தில் எத்தனை உரிமம் கொடுத்து என்ன பயன்?

வேட்டைக்காரர்களை மட்டும் குறைத்தும் தீராது. 1990-களில் கொலராடோவின் வேல் பகுதியில், கன்று ஈனும் பருவத்தில் மனிதர் நடமாட்டம் எல்க்கை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்பத் தொந்தரவுக்குள்ளான பெட்டைகளின் கன்றுகள் எண்ணிக்கையில் குறைந்தன. அங்கே தொந்தரவு என்பது வெறும் நடந்து வருதல்தான். மே, ஜூனில் சில பாதைகளை மூடி வைக்கும்போது பலருக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் கதவுகளை மதியுங்கள். இடம் பார்க்கப் போவதை ஜூலைக்குத் தள்ளுங்கள்.

இந்தக் கவலை அந்த மண்ணில் புதிதும் இல்லை. ஃபிளாட் டாப்ஸில் டிராப்பர்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. அதன் கரையில் கோடை வீடுகள் கட்ட அளவெடுத்து வர 1919-இல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் அளவெடுத்துவிட்டுத் திரும்பி, இங்கே எதுவும் கட்டாமல் விட்டுவிடுங்கள் என்றார். துறை அதை ஏற்றது. இன்று அந்த வனாந்தரப் பகுதியின் 2,35,000 ஏக்கரில் ஒரு சாலை கிடையாது.

கேள்வி: வயோமிங்கில் கூட்டம் குறைவாமே? எல்லை தாண்டிப் போய்விடலாமா?

பதில்: வனாந்தரப் பகுதி என்றால் அங்கே ஒரு தடை இருக்கிறது. வெளிமாநிலத்தவர் எல்க் போன்ற பெரிய விலங்கை அங்குள்ள வனாந்தரப் பகுதிகளில் வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். அல்லது வயோமிங்கில் வசிக்கும் ஒருவர் அதற்கான இலவச அனுமதி பெற்று உடன் வர வேண்டும். நடக்கவோ மீன் பிடிக்கவோ இந்த விதி இல்லை.

மற்றப் பொது நிலங்களில் தனியாகப் போகலாம். ஆனால் தெற்கு வயோமிங்கில் ரயில் பாதை போட்ட காலத்து ஏற்பாட்டால் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறி வரும். இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மூலையில் கால் தாண்டி வைப்பது அத்துமீறலா என்பது வெகுகாலம் தீராத வழக்கு. எல்க் மவுண்டன் என்ற இடத்தில் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் தனியார் மண்ணில் கால் படாமல் அப்படித் தாண்டினார்கள். நிலச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வயோமிங், கொலராடோ உட்பட ஆறு மாநிலங்கள் அந்த நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன. மொன்டானாவும் ஐடஹோவும் வராது. போவதானால் மூலைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்; கைப்பேசி வரைபடம் சில அடிகள் பிசகும். அடிபட்ட எல்க் பக்கத்துத் தனியார் கட்டத்துக்குள் ஓடிவிட்டால், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்ட பிறகே பின்தொடரலாம்.