தோற்கடிக்கப்பட்டவரே தெய்வமானது எப்படி?

கேள்வி: தேர்தலில் தோற்கடித்த தலைவரையே பிறகு தலையில் வைத்துக் கொண்டாடுகிறோமே, ஏன்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: காமராஜரைத்தானே சொல்கிறீர்கள்! 1967இல் விருதுநகரில் அவரை வீழ்த்தியவர் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அரிசித் தட்டுப்பாடு, இந்தித் திணிப்பு என்று ஊரே கொதித்திருந்த நேரம். காமராஜரோ 1963லேயே முதல்வர் பதவியை விட்டு விலகியவர். ஆனாலும் அவருடைய காங்கிரஸ் கட்சிமேல் இருந்த கோபம் அவரையும் சேர்த்து அடித்தது. கோபம் ஆறியபின் கண்ணுக்குத் தெரிந்தவை அவர் ஆட்சியில் வந்த உங்கள் பக்கத்து மணிமுத்தாறு அணை, எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, ஊர்தோறும் பள்ளிக்கூடங்கள். 1975இல் அவர் மறைந்தார். 2006இல் தி.மு.க. அரசே அவர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாக்கியது. (மறைந்தவர் போட்டிக்கு வரமாட்டார் அல்லவா!) அதே 1967இல் ஸ்ரீபெரும்புதூரில் தோற்ற முதல்வர் பக்தவத்சலத்துக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அவர் ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டை யாரும் மன்னிக்கவில்லை.