பழைய பேட்டரியும் பாக்டீரியாவும்



உத்திரமேரூர் போன்ற சிற்றூரிலும் இன்று கைபேசி பழுது பார்க்கும் கடைகள் இருக்கின்றன. அங்குள்ள மேசை இழுப்பறைகளில் உப்பிப்போன பழைய பேட்டரிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இனி இவை எதற்கும் உதவா என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் குறைந்துபோனது மின்னாற்றலைச் சேமிக்கும் திறன்தான். உள்ளே இருக்கும் உலோகம் குறையவில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கைபேசிப் பேட்டரிகள் பலவற்றின் நேர்மின்வாயில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் கருநிறத் தூள் இருக்கிறது. ஒரு லித்தியம் அணுவுக்கு ஒரு கோபால்ட் அணு, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்பது இதன் அமைப்பு. அணு எடைகள் முறையே 7, 59, 16. மொத்தம் 7 + 59 + 32 = 98. இதில் கோபால்ட் மட்டும் 59, அதாவது ஏறத்தாழ 60 சதவிகிதம்! மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் தாதுக்கள் பலவற்றில் கோபால்ட் 1 சதவிகிதம்கூட இருப்பதில்லை. உலகச் சுரங்கங்கள் தரும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. நம் நாடோ இறக்குமதியை நம்பியிருக்கிறது.

இந்த உலோகத்தைப் பிரித்தெடுப்பது எப்படி? பேட்டரிகளை உலையிலிட்டு 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்குவது ஒரு வழி. எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். லித்தியமும் கசடோடு போய்விடும். வலிமையான அமிலங்களில் கரைப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழியில்தான் பாக்டீரியா வருகிறது.

சுரங்கத்தில் கிடைத்த வேலையாள்

1947 ஆம் ஆண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமில நீரில் கால்மர், ஹிங்கிள் என்னும் இருவர் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். இன்று அதன் பெயர் அசிடிதயோபாசில்லஸ் பெரோஆக்சிடன்ஸ். பெயர்தான் நீளம், உருவம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். இதற்குச் சர்க்கரையும் வேண்டாம், சூரிய ஒளியும் வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு உடலை வளர்க்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலைக் கந்தகத்தையும் பெரஸ் இரும்பையும் ஆக்சிஜனேற்றம் செய்து பெறுகிறது. அப்போது கந்தகம் கந்தக அமிலமாகிறது. பெரஸ் அயனி ஒரு எலெக்ட்ரானை இழந்து பெரிக் அயனியாகிறது.

ஆகவே, பாக்டீரியா உலோகத்தைத் 'தின்கிறது' என்பது தவறு. கரைக்கும் பொருள்களை அது தயாரித்துத் தருகிறது. கரைக்கும் வேலையை வேதியியல் செய்கிறது. தாமிர சல்பைடுத் தாதுவில் பெரிக் அயனி எலெக்ட்ரானைப் பறித்துத் தாமிரத்தைக் கரைக்கிறது. அப்போது தானும் பெரஸ் ஆகிவிடுகிறது. பாக்டீரியா அதை மறுபடியும் பெரிக் ஆக்குகிறது. இந்தச் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது. நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் கே. ஏ. நடராசன் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத் தாதுவிலும் பாக்டீரியாவைப் பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.

பேட்டரியில் கதை மாறுகிறது

சல்பைடுத் தாதுவிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க வேண்டும். பேட்டரித் தூளிலோ எலெக்ட்ரானைக் கொடுக்க வேண்டும். அதிலுள்ள கோபால்ட் மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அமிலத்தில் எளிதாகக் கரையும். அதைக் கொடுப்பது பெரஸ் அயனி. ஆனால் பாக்டீரியாவும் தன் ஆற்றலுக்காக அதே எலெக்ட்ரானைத் தேடுகிறது! இங்கே இரண்டுக்கும் போட்டி. எனவே பேட்டரியைப் பொறுத்தவரை பாக்டீரியாவின் பெரிய உதவி, கந்தகத்திலிருந்து அமிலம் காய்ச்சித் தருவதே.

2008 இல் கொரிய ஆய்வாளர்கள் இதே பாக்டீரியாவைக் கொண்டு பேட்டரித் தூளைக் கரைத்தனர். லித்தியத்தைவிடக் கோபால்ட் விரைவாகக் கரைந்தது. தூளின் அளவைக் கூட்டியபோது வேலை மந்தமாயிற்று. 2012 இல் சீன ஆய்வாளர்கள், லிட்டருக்கு 0.75 கிராம் தாமிர அயனியை வினையூக்கியாகச் சேர்த்து, 6 நாளில் 99.9 சதவிகிதக் கோபால்ட்டைக் கரைத்தனர். தாமிரம் சேர்க்காதபோது 10 நாளிலும் 43.1 சதவிகிதமே கரைந்தது.

கரைசலிலிருந்து இரும்பை நீக்கியபின், ஆக்சாலிக் அமிலத்தால் கோபால்ட்டையும் சலவைச் சோடாவால் லித்தியத்தையும் வீழ்படிவாக்கலாம்.

இவ்வழி பெரிய ஆலைகளில் பரவாதது ஏன்? உலை சில மணி நேரத்தில் முடிப்பதற்குப் பாக்டீரியாவுக்கு நாள்கள் தேவை. கரைந்த உலோகம் மிகுந்தால் அதுவே பாக்டீரியாவுக்கு நஞ்சாகிறது. இதற்காக ஒரு தொட்டியில் அமிலத்தைத் தயாரித்து, வேறு தொட்டியில் தூளைக் கரைக்கும் முறையையும் ஆராய்கின்றனர்.

நாம் செய்ய வேண்டியது

எந்தப் பாக்டீரியாவும் குப்பைமேட்டில் தேடிப் போய்ப் பேட்டரியைப் பிரிக்காது; முதலில் அது சேகரிக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவுப் பேட்டரிகளைப் புதைப்பதையும் எரிப்பதையும் தடை செய்கின்றன. திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்துகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம் அமைத்திருந்ததைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த ஏரிக்கரையில் பேட்டரியை வீசலாமா? பழைய பேட்டரியைப் பிரிக்காமல், குத்தாமல், சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உடைத்தால் தீப்பிடிக்கும், நச்சு வாயுவும் வரும்.

கணக்கு: 98 கிராம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இருக்கிறது. சீன ஆய்வின் இரு முறைகளிலும் கரையும் கோபால்ட் எவ்வளவு?

விடை: தாமிரம் இன்றி 10 நாளில் சுமார் 25.4 கிராம், தாமிரத்துடன் 6 நாளில் சுமார் 58.9 கிராம்.